கண்ணைக் கசக்காத மருமகள்

கண் கிளினிக்குகளில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னைக் கண்டால் முதலில் மெஷின்களைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எந்தப் பொத்தானை அமுக்குவது, எந்த நிறம் வந்தால் டொக்டரைக் கூப்பிடுவது என்று. அதையெல்லாம் மெஷின் விற்ற கம்பனியிலிருந்து ஆள் வந்து, கோப்பியும் வாங்கித் தந்து, சொல்லித் தருவார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், இனி எனக்கு யாரிடமும் பயமில்லை, ஆகவே அந்த ஆள் சொல்லித் தராததைச் சொல்கிறேன். நோயாளியிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அது அவருடைய காதில் என்ன கேள்வியாகப் போய் விழுந்தது என்று பாருங்கள். நான் ஒரே ஒரு சொல்லைக் கொண்டு ஒரு குடும்பத்தை ஏறக்குறைய இரண்டாக்கியவள். கெட்ட சொல்கூட இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்த நல்ல தமிழ்ச் சொல்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கனடாவில், ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பக்கம் ஒரு கண் கிளினிக்கில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு பக்கம் மரக்கறிக் கடை, மறுபக்கம் விமான ரிக்கற் விற்கும் ரவல் ஏஜென்சி. ரெலிபோன் எடுப்பேன், கண்ணாடிச் சட்டங்கள் காட்டுவேன், கண்ணுக்கு மருந்து விடுவதற்கு முன் ஆட்களைச் சமாதானப்படுத்துவேன். தமிழ் ஆட்கள் வந்தால் டொக்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பேன். மற்ற வேலைகளுக்கெல்லாம் பயிற்சி தந்தார்கள். மொழிபெயர்ப்புக்கு மட்டும் யாரும் தரவில்லை. தமிழ் தெரிந்தால் மொழிபெயர்க்கவும் தெரியும் என்று எல்லோரும் நினைத்தோம், முக்கியமாக நான்.

எங்கள் டொக்டர் ஹொங்கொங்கில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்தவர். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். அதிகம் பேசமாட்டார். ஒரு பழக்கம் மட்டும் விசித்திரமாக இருந்தது. மற்ற இடங்களில் எங்களைப் போன்றவர்கள்தான் பெயரைக் கூப்பிட்டு ஆளை உள்ளே அனுப்புவோம். இவர் தானே எழுந்து வந்து, காத்திருக்கும் அறையின் வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுத்தான் கூப்பிடுவார். மரியாதைக்காகச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். வேலை குறைந்த மனுஷி என்றும் சில நாட்களில் நினைத்ததுண்டு.

ஒரு செப்டெம்பர் மாதம் சுகந்தி வந்தாள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். கல்யாணமாகி, கணவனின் ஸ்பொன்சரில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவளோடு கணவன் ரவியும் மாமியார் யோகம் அன்ரியும் வந்திருந்தார்கள். ரவி இருக்கிறானா இல்லையா என்று தெரியாத அளவுக்கு அமைதியான பிள்ளை. யோகம் அன்ரி அந்தக் குறையை நிவர்த்தி செய்வதற்கென்றே படைக்கப்பட்டவர். மெலிந்த சின்ன உருவம்தான், ஆனால் அவர் வாயைத் திறந்தால் பக்கத்து மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"தங்கச்சி, வந்து ஒரு வருஷத்தில உவளுக்கு இது மூண்டாவது கண்ணாடி. கண்ணாடி பிழையோ கண் பிழையோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. நேற்று எனக்குத் தேத்தண்ணிக்கு உப்புப் போட்டுத் தந்தவள்" என்றார்.

"ரெண்டு போத்தலும் ஒரே மாதிரி மாமி" என்றாள் சுகந்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு வடிவாத் தெரியுது அக்கா. இந்தக் கண்ணாடியே காணும், வேற வேண்டாம்."

கண் தெரியவில்லை என்று வந்து, தெரிகிறது என்று சொல்லும் நோயாளியைக் கண்டால் அப்போதே காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் அவளுடைய கண்ணை நெடுநேரம் பார்த்தார். பிறகு கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவர் கண்களைக் கசக்குவாரா என்று கேள் என்றார்.

நான் கேட்டேன். "பிள்ளை, நீர் வீட்டில கண்ணைக் கசக்கிறனீரோ?"

"வீட்டில" என்பது டொக்டர் சொல்லாதது. நானாகச் சேர்த்தது. ஒரு சொல்லைக் கூடப் போட்டால் விளக்கமாக இருக்கும் என்று அந்தக் காலத்தில் எனக்கு ஒரு நினைப்பு.

சுகந்தியின் முகம் வெளுத்துப்போயிற்று. அவள் வாயைத் திறக்கமுன் யோகம் அன்ரி முந்திக்கொண்டார். "என்ன கேள்வி தங்கச்சி உது? என்ர வீட்டில உவள் ஏன் கண்ணைக் கசக்கோணும்? சோறில்லையோ, துணியில்லையோ, ஆர் என்ன சொன்னது?"

"இல்லை அக்கா, நான் ஒருநாளும் கசக்கிறேல்லை" என்றாள் சுகந்தி. "மாமி என்னை நல்லா வைச்சிருக்கிறா."

இல்லையாம் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. இமையெல்லாம் தடித்திருக்கிறது, சுற்றிவரத் தோல் கறுத்திருக்கிறது, இவர் கசக்குகிறவர்தான், இன்னொரு தரம் கேள் என்றார். கண் கிளினிக்கில் வேலை செய்து செய்து எனக்குக் கண் என்றால் கண்தான், கசக்குவது என்றால் கசக்குவதுதான். அதனால் கூச்சமே இல்லாமல் திரும்பவும் கேட்டேன்.

"பிள்ளை, டொக்டர் நம்பேல்லை. நீர் கசக்கிறனீர் எண்டுதான் அவ சொல்லுறா. முகத்தைப் பாத்தாலே தெரியுதாம்."

"முகத்தைப் பாத்தாலே தெரியுதாமோ!" என்று யோகம் அன்ரி கதிரையை விட்டு எழும்பினார். ரவி சுவரில் தொங்கிய கண்ணின் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பவன் போலப் படிக்கத் தொடங்கினான்.

டொக்டர் இதொன்றும் விளங்காமல் தன்பாட்டில் நோயை விளக்கினார். கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது, கோர்னியா என்பார்கள். சுகந்தியின் படலம் மெலிந்து, வட்டமாக இருக்கவேண்டியது கூம்பு மாதிரி முன்னுக்குத் தள்ளத் தொடங்கியிருந்தது. அதனால்தான் எந்தக் கண்ணாடி போட்டாலும் கொஞ்ச நாளில் ஒத்துவராமல் போனது. சிலருக்கு அந்தப் படலம் பிறவியிலேயே கொஞ்சம் பலவீனமாக இருக்கும், அதைக் கசக்கினால் இன்னும் நெகிழும். இழுத்து இழுத்துப் போட்ட சொக்ஸின் வாய் மாதிரி, ஒரு தரம் நெகிழ்ந்தால் பழையபடி இறுகாது. இந்த வியாதியை நிறுத்திவைக்க இப்போது உங்களிடம் சிகிச்சை இருக்கிறது. அப்போது எங்களிடம் இருந்தவை மூன்றுதான். கையைக் கண்ணில் வைக்காதே என்று சொல்லலாம். கடினமான கொன்டாக்ட் லென்ஸ் வைத்துப் பார்க்கலாம். கடைசியில், இறந்துபோன ஒருவருடைய கோர்னியாவை எடுத்துத் தைக்கலாம்.

இவ்வளவையும் நான் சுருக்கி, அழகாக, தெளிவாக மொழிபெயர்த்தேன். "கசக்கிக் கசக்கித்தான் பிள்ளையின்ர கண் இந்த நிலைக்கு வந்திருக்காம். இண்டையோட நிப்பாட்டாட்டி பார்வை போற நிலையும் வருமாம்."

யோகம் அன்ரி மருமகளின் கையைப் பிடித்தார். "எழும்பு பிள்ளை. கண்ணாடி மாத்த வந்தால் வீட்டு விசாரணை வைக்கினம். ரவி, காரை எடு."

அவர்கள் போன பிறகு டொக்டர் என்னிடம், "நான் என்ன பிழையாகச் சொன்னேன்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரை இருத்தி விளக்கினேன். எங்கள் மொழியில் ஒரு பெண் கண்ணைக் கசக்குகிறாள் என்றால் கண்ணைக் கசக்குகிறாள் என்று யாரும் விளங்கிக்கொள்ளமாட்டார்கள். அழுகிறாள், வீட்டில் பிரச்சினை, புகுந்த இடத்தில் யாரோ அவளைப் படுத்துகிறார்கள் என்றுதான் அர்த்தம். அதை மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். இரண்டு தரம். வீட்டில் என்று சேர்த்து.

டொக்டர் சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, அதைத் துடைக்கக் கையைக் கொண்டு போனவர் சட்டென்று கையை இறக்கி, கடதாசித் துண்டை எடுத்து ஒற்றிக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்படியானால் என் கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை" என்றார். "நான் அவருடைய கையைப் பற்றிக் கேட்டேன். நீ அவருடைய கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். இந்த வயதில் இது வேகமாகப் போகும். அவர் திரும்பி வரவேண்டும்."

அன்றுதான் அவர் வாசலில் சும்மா நிற்பதன் காரணத்தையும் சொன்னார். காத்திருக்கும்போது ஆட்கள் தங்கள் கைகளை மறந்துவிடுகிறார்கள். உள்ளே வந்து கதிரையில் இருந்ததும் எல்லோரும் நல்ல பிள்ளைகள், யாரும் கண்ணைத் தொடுவதே இல்லை. வாயிடம் கேட்பதற்கு முன் கையைப் பார்த்துவிட வேண்டும் என்றார். சுகந்தி வெளியே இருந்தபோது இரண்டு கைகளாலும் கசக்கிக்கொண்டிருந்ததை அவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். எனக்கும் கண் இருந்தது. கண் கிளினிக்கில்தான் வேலையும் செய்தேன்.

திரும்பக் கூப்பிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ரெலிபோன் எடுத்தால் ஒவ்வொரு தரமும் யோகம் அன்ரிதான் எடுப்பார். "மருமகள் நல்லாச் சிரிச்சுக்கொண்டிருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஒருநாள் பின்னால் உண்மையாகவே ஒரு சிரிப்புக் கேட்டது. சிரிக்கச் சொல்லிச் சிரிக்கிற சிரிப்பு அது.

இதற்கிடையில் ரெலிபோன் தன் வேலையைச் செய்தது. யோகம் அன்ரி தன் தங்கையிடம் ஆத்திரத்தில் சொன்னது, "கிளினிக்கில ஒருத்தி, மருமகள் கண்ணைக் கசக்கிறாளோ எண்டு கேக்கிறாள்" என்பதுதான். தங்கை அடுத்தவருக்குச் சொல்லும்போது மருமகள் கண்ணைக் கசக்கியதாகக் கிளினிக்கில் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்தவர் சொல்லும்போது அழுதழுது கண் பழுதாகிவிட்டது. பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருந்த சுகந்தியின் அண்ணன் குகனுக்கு அது போய்ச் சேர்ந்தபோது சுகந்திக்கு ஒரு கண் தெரியாது, மற்றக் கண்ணும் இன்றோ நாளையோ என்றிருந்தது. கவனியுங்கள், நடுவில் நின்ற யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் என் தமிழைத்தான் திரும்பச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை, அறை நிறைய ஆட்கள். குகன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் யோகம் அன்ரி, ரவி, சுகந்தி. அண்ணன் அவர்களுடைய வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டு, "சொன்ன ஆளைக் காட்டுங்கோ, அங்கயே வைச்சுக் கதைப்பம்" என்று எல்லோரையும் ஏற்றி வந்திருந்தான். சொன்ன ஆள் நான்.

"நீங்களோ அக்கா சொன்னது, என்ர தங்கச்சி உவையின்ர வீட்டில இருந்து கண்ணைக் கசக்கிறாள் எண்டு?"

"தம்பி, வாயை அடக்கிக் கதையும்!" என்றார் யோகம் அன்ரி. "உம்மட தங்கச்சியை நான் தங்கமா வைச்சிருக்கிறன். கேளும் அவளை. சொல்லு பிள்ளை!"

"அவள் உங்களுக்கு முன்னால என்னெண்டு சொல்லுவாள்?"

அறையில் இருந்த தமிழ் ஆட்கள் எல்லோரும் பத்திரிகையை மடித்துவிட்டார்கள். கண்ணுக்கு மருந்து விட்டு, கண்மணி விரிவதற்காகக் காத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் தவித்துப்போனார். "ஆர் பிள்ளை சண்டை பிடிக்கினம்? எனக்கு எல்லாம் புகையாத் தெரியுது. ஆராவது சொல்லுங்கோவன்" என்று காற்றில் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்வது என்று யோசிக்க ஒரு நிமிடம்கூட இல்லை. டொக்டரைக் கூப்பிட்டால் அவர் இங்கிலீசில் எதையாவது சொல்லுவார், அதையும் நான்தான் தமிழாக்க வேண்டும், அந்த வேலையில் என் திறமை எல்லோருக்கும் தெரியும். அகராதி விளக்கம் சொல்லத் தொடங்கினால் சமாளிக்கிறாள் என்பார்கள். இவர்கள் இப்போது கோபித்துக்கொண்டு போனால் அந்தப் பெண் திரும்பி வரப்போவதில்லை, அவளுடைய கண் அப்படியே போகும். இது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போது டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, வாய்களை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தேன். செப்டெம்பரில் இந்த ஊர்க் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். றாக்வீட் என்கிற களைச்செடியின் மகரந்தம் பறக்கும் காலம், ஊரெல்லாம் தும்மும். சுகந்தி மூலையில் நின்று இரண்டு கை முட்டிகளையும் கண்ணுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அழுகிற மாதிரியே இருந்தது. ஆனால் குகனும், தான் போட்ட சத்தத்துக்கு நடுவில், ஒரு கையால் மாமியாரைக் காட்டிக்கொண்டு, மற்றக் கை முட்டியால் தன் கண்ணை அதே மாதிரி உருட்டிக்கொண்டிருந்தான். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே அலர்ஜி, ஒரே உருட்டு.

"கையை எடுங்கோ!" என்று கத்தினேன்.

நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. குகன் கையை எடுத்தான், சுகந்தி எடுத்தாள். ரவி எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் போட்டான். மருந்து விட்ட பெரியவர், கொள்ளைக்காரர் வந்துவிட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார்.

"தம்பி, நீர் இப்ப என்ன செய்துகொண்டு நிண்டனீர்?"

"நானோ? கதைச்சுக்கொண்டு நிண்டனான்."

"கையால?"

அவன் தன் கையைப் பார்த்தான். "கண் கடிச்சது, ஒரே அரிப்பு. அதுக்கென்ன?"

"இதைத்தான் டொக்டர் கேட்டவ. கண் கடிக்கேக்க கையால இப்பிடிச் செய்யிறவவோ எண்டு. வேற ஒண்டும் கேக்கேல்லை. சொல்லுப் பிழை என்னுடையது. இப்பிடிச் செய்தால் கண்ணுக்கு முன்னால இருக்கிற படலம் நெகிழும். தங்கச்சிக்கு நெகிழ்ந்துகொண்டு வருது."

யோகம் அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதோ? இது கண் தேய்க்கிறதெல்லோ!"

"ஓம் அன்ரி. தேய்க்கிறது."

"அப்ப தேய்க்கிறவளோ எண்டு கேட்டிருக்கலாமே! உவள் விடிய எழும்பினாப் படுக்குமட்டும் தேய்ச்சபடிதான். புட்டுக்கு மாக் குழைக்கிற மாதிரி. நான் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன். ரவி, நான் சொல்லேல்லையோ?"

"சொன்னவ" என்றான் ரவி. அன்று அவன் பேசிய ஒரே வார்த்தை.

எங்கள் டொக்டர் தேடிய சாட்சி முதல் நாளிலேயே பக்கத்துக் கதிரையில் இருந்திருக்கிறார். சரியான சொல்லைக் கேட்டிருந்தால் நாள், நேரம், எந்தக் கை என்பது வரைக்கும் வாக்குமூலம் கொடுத்திருப்பார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் கசக்குவீர்களா, தேய்ப்பீர்களா என்று கேட்டதே இல்லை. கண் கடித்தால் என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள் என்று சொல்வேன். செய்து காட்டுவதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

டொக்டர் சுகந்தியைத் தனியாக உள்ளே எடுத்தார். நான் மட்டும் கூட நின்றேன். கண் கடித்தால் செய்வதைச் செய்து காட்டச் சொன்னதும் அவள் முட்டிகளைக் கண்ணருகே கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, "தேய்க்கேக்க நல்ல சுகமா இருக்கும் அக்கா. பிறகு இன்னும் கூடக் கடிக்கும்" என்றாள். கசக்கக் கசக்கக் கடி கூடும் என்பதை டொக்டர் விளக்கினார். மருந்துத் துளிகளும் தந்தார். வேலை முடிந்தது என்று நான் கதவைத் திறக்கப் போனேன்.

"அக்கா, நீங்கள் முதல் நாள் கேட்டதுக்கும் ஓம்தான்."

கதவை மூடினேன்.

"மாமியில பிழையில்லை" என்றாள். "எனக்குத்தான் பயம். கலியாணம் பேசேக்க கண்ணில ஒரு குறையும் இல்லை எண்டு அண்ணா சொன்னவர். அப்ப இருக்கவும் இல்லை. இப்ப எனக்குக் கனக்கத் தெரியாது அக்கா. முகங்கள் தெரியாது. குருட்டுப் பொம்பிளையை ஏமாத்திக் கட்டிவைச்சிட்டினம் எண்டு நினைச்சால், திருப்பி அனுப்பிப்போட்டால் நான் எங்க போறது? அதை நினைச்சால் அழுகை வரும். அழுதால் கண் கடிக்கும்."

பிறகு, ஷொப்பிங் மோலில் ஒருநாள் நடந்ததைச் சொன்னாள். ரவி காரைக் கொண்டுவர, அவள் நீலக் கார் ஒன்றைக் கண்டு ஏறி, பெல்ட்டும் போட்டுக்கொண்டு, "போவமே" என்றாளாம். பக்கத்தில் இருந்தவர் ரவி இல்லை, யாரோ ஒரு சீன மனுஷர். அவரும் மரியாதையான ஆள், எங்கே போகவேண்டும் என்று கேட்டிருக்கிறார். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்து முடித்தபோது அவளுடைய முகம் நனைந்திருந்தது.

டொக்டருக்கு முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, வெளியே எதைச் சொல்வது என்பது சுகந்தியின் விருப்பம், எங்களுடையது இல்லை என்றார். சுகந்தி தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். ஆகவே வெளியே வந்து கையைப் பற்றி மட்டும் சொன்னேன். நோயாளி தருகிற இரண்டு பதில்களில் எது அறைக்கு வெளியே போகலாம் என்று பிரிக்கத் தெரிவதும் இந்த வேலைதான். எனக்கு அதை யாரும் முன்பு சொல்லித் தரவில்லை.

அன்றிலிருந்து யோகம் அன்ரி மருமகளின் கைகளுக்குக் காவல்காரியானார். தன்னை ஒருவரும் குறை சொல்லவில்லை என்று தெரிந்ததும் அவருடைய முழுச் சக்தியும் மகரந்தத்துக்கு எதிராகத் திரும்பிவிட்டது. ஜன்னல்களைப் பூட்டினார். ரவியைக் கொண்டு கார்ப்பெற்றைக் கிழித்தெறிய வைத்தார். கண் கடித்தால் குளிர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னோம். அதற்கு அவர் தெரிவுசெய்தது பிரீசரில் இருந்த தேங்காய்ப்பூப் பைக்கற். பின்னேரம் மருமகளின் கண்ணில் இருந்தது இரவு சம்பலாகிவிடும். றிச்மண்ட் ஹில் கோயிலில் பூசை நடந்துகொண்டிருக்கும்போது, தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப்போன சுகந்தியைப் பார்த்து "கை!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஐயர் மணியை நிறுத்திவிட்டார் என்று நேரில் நின்றவர்கள் சொன்னார்கள். ஒற்றலாம் அன்ரி, கசக்கத்தான் கூடாது என்று நான் பிறகு விளக்க வேண்டியிருந்தது.

குளிர்காலம் முழுக்க டொக்டர் அளந்து பார்த்துக்கொண்டே வந்தார். கூம்பு மேலும் கூடவில்லை. இளவேனிலில் லென்ஸ் வைத்துப் பார்க்கலாம் என்றார். அந்தக் கால லென்ஸ் கடினமானது. முதன்முதலாக வைக்கும்போது கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி இருக்கும், கண்ணீர் கொட்டும். வைக்கிற வேளையில் யார் கூட நிற்கவேண்டும் என்று சுகந்தியிடம் கேட்டேன். ரவியைச் சொல்லுவாள் என்று நினைத்தேன். மாமியை என்றாள்.

இரண்டு லென்ஸும் வைத்தாயிற்று. சுகந்தி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டிலும் நீர் வழிந்தது. கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. மெல்லத் திறக்கச் சொன்னார் டொக்டர். திறந்தாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு எதிர்க் கதிரையில் இருந்த மாமியாரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன பிள்ளை, தெரியுதோ?"

"மாமி, உங்கட மூக்கில இருக்கிறது மச்சமோ?" என்றாள் சுகந்தி. "நான் கறுத்தக் கல்லு மூக்குத்தி எண்டெல்லோ நினைச்சிருந்தன்!"

எனக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. ஒன்றரை வருடமாக ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிட்டவள். யோகம் அன்ரி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். சுகந்தி இத்தனை நாள் ஒளித்து வைத்தது முழுவதும் அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிட்டது. அதை அவளும் உணர்ந்துகொண்டாள். வாயைப் பொத்தினாள். லென்ஸ் கண்ணீருக்கு மேலே மற்றக் கண்ணீரும் வந்தது, தோள் குலுங்கியது. தன்னை அறியாமல் இரண்டு கைகளும் முட்டியாகிக் கண்ணை நோக்கி எழுந்தன.

யோகம் அன்ரி கதிரையிலிருந்து பாய்ந்துவந்து இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். அவ்வளவு மெதுவாகப் பேச அவருக்கு முடியும் என்று எனக்குத் தெரியாது. "ஒரே வீட்டில இருக்கிறன், நீ அழுறது எனக்குக் கேளாதோ? கேட்டால் நீ இன்னும் பயப்பிடுவாய் எண்டுதான் கேக்கேல்லை. உன்னை ஒருத்தரும் ஒரு இடமும் அனுப்பேலாது. இப்ப அழு. எவ்வளவு வேணுமெண்டாலும் அழு. கண்ணை மட்டும் கசக்காதை."

அவள் அழுதாள். அவர் கைகளை விடவில்லை.

டொக்டர் என் பக்கம் திரும்பி, மாமியார் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"நீங்கள் சொன்னதைத்தான் டொக்டர்" என்றேன்.